ஒன்று வந்து சேர்ந்தது, நன்றி

மார்ச் 3

அக்காவுக்கு,

இதனால் வீட்டார், வெளியூரார், குறிப்பாக என்னைக் கைபேசியில் தடை செய்து வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பதினோரு மாதங்களாகக் காணாமல் போயிருந்த டிவி ரிமோட்டின் பின்மூடி, சோபாவின் இடுக்கிலிருந்து இன்று மாலை உயிருடன் மீட்கப்பட்டது. மீட்டவர் தங்கள் தம்பி. அம்மா மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ரிமோட்டையே போன மாதம் குப்பையில் போட்டாகிவிட்டது என்பதை நினைவூட்டினாள். மூடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

தலைப்புச் செய்தி முடிந்தது.

நீ என்னைத் தடை செய்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நான் எண்ணவில்லை, நாட்காட்டி அதுவாக எண்ணியது. நடந்தது என்ன? பதினைந்து வயது முடியப்போகும் ஒரு பையன், பிறந்தநாளுக்கு அக்கா வரட்டுமே என்று, அக்காவின் குரலில் அக்காவின் மேலாளருக்குப் போன் போட்டு மூன்று நாள் விடுமுறை கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். "உடம்புக்கு முடியல சார்" என்பதில் ஒரு இருமல்கூட வைத்தான். விடுமுறை கிடைத்தது. அதற்குப் பரிசு, தடை. உன்னோடு தினமும் பேசுகிற மேலாளரே நம்பிய குரலுக்கு ஒரு சபாஷ் கிடையாது.

ஆகவே பதிலடி கொடுத்துவிட்டேன். உங்கள் கம்பெனியின் பணம் அனுப்பும் ஆப்பை என் போனிலிருந்து அழித்தாகிவிட்டது. அதன் நிழல்கூட இங்கே இல்லை. அரசாங்கம் புதிதாக விட்டிருக்கிறதே டிஜிட்டல் காசு, அதற்கு மாறிவிட்டேன். பர்சில் நோட்டு இருப்பது போல் அது போனில் இருக்கிறது. நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை, எந்த அக்காவும் இல்லை. நம் தெருவில் முதலில் மாறியவன் நான். என்னைப் பார்த்துத் தெருவே மாறிக்கொண்டிருக்கிறது. பணம் வரும்போதெல்லாம் கடைக்குக் கடை உன் குரலில் "வந்து சேர்ந்தது, நன்றி" என்று கூவிக்கொண்டிருந்த பெட்டிகள் இருக்கின்றனவே, பத்தில் ஏழு வாயை மூடிவிட்டன. காதுக்கு என்ன ஒரு நிம்மதி.

இப்படிக்கு,
தடை செய்யப்பட்டவன்

பின்குறிப்பு: தபால்காரரைத் தடை செய்யும் வசதி இன்னும் வரவில்லை.


மார்ச் 9

வாலுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா மறுத்தது. நான் வற்புறுத்தவில்லை.

அன்று காலை நான் இஸ்திரி போட்ட சட்டையோடு அலுவலகம் போனேன். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து, நான் இரண்டு வாரம் தயாரித்ததை என் மேலாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க லீவுல இருக்கீங்கன்னு சொன்னீங்களே" என்றார் அவர். என் குரலில் நான் பேசியதாக அவர் சொல்ல, நான் பேசவில்லை என்று என் குரலிலேயே நான் சொல்ல, அந்த அறையில் இருந்த ஆறு பேரும் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நீயே யோசி. எனக்குத் தெரிந்து உனக்கு அது வராது, இருந்தாலும் முயற்சி செய்.

தடையை எடுக்கப் போவதில்லை. ஆனால் உன் கடிதத்தில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தெருவே மாறிவிட்டது என்று நீ அளப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். இங்கே திரையில் பார்த்தால் உண்மை. சுற்றுவட்டாரத்தில் மற்றத் தெருக்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் அரசாங்கக் காசுக்குப் போயிருக்கிறார்கள். நம் தெருவில் நூற்றுக்கு எண்பது பேர். வெயிலில் அலைந்து, கடை கடையாக ஏறி இறங்கி நானே பெட்டி மாட்டிய முதல் தெரு அது.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்க சொந்தத் தெருவையே உங்களால பிடிச்சு வைக்க முடியலையாம்மா?" என் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமா இல்லையா என்று மாதக் கடைசியில் முடிவு செய்கிறார்கள். மக்கள் ஏன் மாறினார்கள் என்று அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் கேட்டால் "தெரியலையேம்மா" என்கிறாள்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். ஒவ்வொருவரிடமும் போய் ஏன் என்று கேள். அவர்கள் சொன்னதை மட்டும் எழுது. உன் சரக்கைச் சேர்க்காதே. எழுத்தில் கேட்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. கடிதத்தில் உன்னால் என் குரலில் பேச முடியாது.

அக்கா


மார்ச் 14

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

தங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், டீ வாங்கி வருபவர் ஆகிய நான் முதல் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். அட்டை போட்ட நோட்டு, காதில் பேனா. பென்சில் வைத்தால் அது தச்சர்.

முதலில் மாடி வீட்டு பஸ் டிரைவர் மாமா. சிக்னல் இல்லாத இடத்திலும் அரசாங்கக் காசு போகும், அதனால் மாறினேன் என்றார். நல்ல காரணம், எழுதிக்கொண்டேன். கடைசியாக எப்போது மாமா சிக்னல் இல்லாமல் தவித்தீர்கள் என்றேன். நெடுநேரம் யோசித்து, தவித்ததே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அக்கா கம்பெனி ஆப்புல ஒரு டீக்குக் காசு குடுத்தாலும் லோன் வேணுமா லோன் வேணுமான்னு கேக்குதுடா. டீ குடிக்கிறவன் மூஞ்சியப் பாத்தா கடன்காரன் மாதிரியா இருக்கு" என்றார். நான் மூஞ்சியைப் பார்த்தேன். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

தையல்காரம்மாவுக்குப் பெட்டிதான் பிரச்சினையாம். ஒருத்தியிடம் நூற்றைம்பது, இன்னொருத்தியிடம் பழக்கத்துக்காக நூற்றிருபது வாங்குவாராம். பெட்டி இரண்டையும் ஊருக்கே அறிவிக்கிறது. நூற்றைம்பது கொடுத்தவள் அப்படியே நின்று திரும்பிப் பார்க்கிறாளாம்.

மருந்துக்கடை அண்ணன், தனியார் கம்பெனி நாளைக்கே மூடினால் யாரைப் போய்ப் பிடிப்பது என்கிறார். அரசாங்கம் மூடினால் என்றேன். "அது மூடினா எல்லாருக்கும் சேர்த்துத்தானே மூடும், எனக்கு மட்டுமா" என்றார். இது ஆறுதலா பயமா என்று நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது தெரியவில்லை. நடுக்கோட்டின் மேல் எழுதியிருக்கிறேன்.

என் கணக்கு டீச்சரையும் விடவில்லை. அவருக்கு உங்கள் ஆப் மேல் கோபம். தலைக்குச் சாயம் வாங்கிய மறுநாளிலிருந்து ஆப்பைத் திறந்தால் சாய விளம்பரமாம். அரசாங்கம் பார்க்காதா டீச்சர் என்றேன். "நான் பிறந்தது, படிச்சது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாமே அவங்ககிட்டதான் இருக்கு. அவங்க புதுசா தெரிஞ்சுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். அவர் தலைமுடியின் நிறம் பற்றி எனக்கு இருந்த பழைய சந்தேகமும் இத்துடன் தீர்ந்தது.

பத்தொன்பது பேரைக் கேட்டதில் பதினேழு காரணம். மீதி இரண்டு பேர் என்னைத் துரத்திவிட்டார்கள். இதற்கெல்லாம் ஒரே பொதுக் காரணம் நான் முன்மாதிரியாக விளங்கியதுதான் என்பது குழுவின் பணிவான கருத்து.

இப்படிக்கு,
குழு


மார்ச் 19

வாலுக்கு,

உன் அறிக்கையை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கு முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகப் புரிகிறது.

பெட்டி கத்துகிறது என்று தையல்காரம்மா மாறியிருக்கிறார். சரி. ஆனால் கத்துவதால்தான் வசதி, கையில் துணி இருக்கும்போது போனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி என்னிடம் பெட்டி கேட்டு வாங்கியவரே அவர்தான். டிரைவர் மாமாவுக்கு லோன் தொல்லை இரண்டு வருடமாக இருக்கிறது. பிப்ரவரியில் மட்டும் அது திடீரென்று ஏன் வலித்தது? சாய விளம்பரமும் அப்படித்தான். இவர்கள் சொல்வது எதுவும் பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் எதுவும் காரணமாகவும் தெரியவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரைக் கேட்டால் குழாயில் தண்ணீர் வராது, மாடிப்படி செங்குத்து என்பார். அதே குழாயோடு பத்து வருடம் இருந்திருப்பார்.

போன வாரம் நான் ஒரு வேலை செய்தேன். என் பக்கத்து மேசைக்காரி அரசாங்க ஆப்பை வைத்திருக்கிறாள். எங்கள் கம்பெனியிலேயே. ஏன் என்று கேட்டேன். "சும்மா போட்டுப் பாத்தேன், அப்புறம் எடுக்கல" என்றாள். ஆயிரக்கணக்கில் சம்பளம் கொடுத்து ஆய்வு செய்கிற கம்பெனியில் கிடைத்த பதில் இது.

ஏன் என்று கேட்காதே. யாரைப் பார்த்து மாறினார்கள், எந்த நாளில் மாறினார்கள் என்று கேள். மாதம் முடிய பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. இங்கே விடுதி அறைக்கு அடுத்த மாத வாடகையைக் கட்டலாமா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்கா

உன் முன்மாதிரியை மடித்துப் பையில் வை.


மார்ச் 24

அக்கா,

யாரைப் பார்த்து என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

டிரைவர் மாமா நம் அம்மாவைப் பார்த்து மாறினாராம். "கிளினிக்ல ரசீது போடுற அம்மா, அவங்களுக்குத் தெரியாததா?" அம்மா தையல்காரம்மாவைப் பார்த்து மாறினாளாம். தையல்காரம்மா என் கணக்கு டீச்சரைப் பார்த்து. டீச்சர் எதையும் ஆராயாமல் செய்ய மாட்டார் என்று நம்பி டீச்சரிடம் போனால், அவர் டிரைவர் மாமாவைப் பார்த்து மாறியிருக்கிறார். "அவர் ஊரெல்லாம் சுத்துறவர், விவரம் தெரிஞ்சவர்" என்றார். நோட்டில் அம்பு போட்டு வரைந்தேன். வட்டம். எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நிற்கிறது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, வட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி கிடையாது என்று சொல்லி விளக்க ஆரம்பித்தார். நோட்டை மூடிக்கொண்டு ஓடி வந்தேன்.

எந்த நாள் என்று கேட்டால் எல்லோரும் "பிப்ரவரியில" என்கிறார்கள். அம்மாவிடம் மட்டும் நான் சத்தமாகவே கேட்டேன். ஏன்மா மாறின, அக்கா வேலை பார்க்கிற கம்பெனி அது என்று. அம்மா தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "காலையில ரொட்டி வாங்கணும்ல" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

உனக்குப் பயன்படட்டும் என்று தொகுத்துச் சொல்கிறேன். மக்கள் வெறுப்பது பெட்டியின் சத்தத்தைத்தான். தங்கள் பணம் வந்ததும் போனதும் ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். அரசாங்கக் காசு சத்தமில்லாமல் கை மாறுகிறது. இதை எழுதிக்கொடு. கம்பெனியே எழுந்து நின்று கைதட்டும். கைதட்டல் முடிந்ததும் என் பெயரைச் சொன்னால் போதும், சிலையெல்லாம் வேண்டாம்.

குழு (ஓய்வில்)


மார்ச் 31

வாலுக்கு,

நேற்று கூட்டம். நீ தொகுத்ததைச் சொன்னேன், கிட்டத்தட்ட உன் வார்த்தைகளிலேயே. வேறெதுவும் என் கையில் இல்லை. கைதட்டவில்லை, ஆனால் மேலாளர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். திரும்பி வந்து, "அப்ப குரலை எடுத்துடலாம்" என்றார்.

எல்லாப் பெட்டிகளிலும். எல்லா ஊர்களிலும். மே ஒன்றாம் தேதியிலிருந்து பெட்டி பேசாது. பணம் வந்தால் ஒரு சின்ன "டிங்". அவ்வளவுதான். என் வேலை பற்றிய முடிவை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குரல் பதிவு செய்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒன்றிலிருந்து ஆரம்பித்து அவர்கள் கேட்ட எண்ணெல்லாம் சொல்லி, தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தேன். நீதான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு, கட்டிய தொண்டையில் நான் எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசிக் காட்டினாய். அம்மா சமையலறையிலிருந்து உன்னைப் பார்த்து, "வெந்நீர் குடிச்சும் சரியாகலையாடி" என்று கேட்டாள்.

இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கூட்டம் முடிந்து வந்து திரையில் நாள்வாரியாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே கடையில்தான் ஆரம்பித்திருக்கிறது. பேக்கரி. பிப்ரவரி பதினொன்று. அன்று காலை எட்டு மணியோடு அந்தப் பெட்டியில் வியாபாரம் நின்றிருக்கிறது. அடுத்த மூன்று நாளில் மருந்துக்கடை, தையற்கடை என்று ஒவ்வொன்றாக. அம்மா சொன்னது இப்போது புரிகிறது. காலையில் எல்லோரும் ரொட்டி வாங்குவது அங்கேதான். பேக்கரிக்காரர் அரசாங்கக் காசு மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் தெருவே அதைப் போனில் ஏற்றியிருக்கும். ஏற்றிய பிறகு அவரவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

நீ கேட்ட பத்தொன்பது பேரில் பேக்கரிக்காரர் இல்லை. தெருவிலேயே உனக்கு ரொம்பப் பிடித்த கடை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவாய்.

ஏன் அவரைக் கேட்கவில்லை?

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

இந்தக் கடிதத்தில் தலைப்புச் செய்தி கிடையாது.

பேக்கரிக்காரரைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

நீ தடை செய்த வாரம் அது. நான் வரிசையில் நிற்கிறேன். ரொட்டி வாங்கிய யாரோ ஒருவருக்கு நீ, "நாற்பது வந்து சேர்ந்தது, நன்றி" என்கிறாய். முன்பின் தெரியாத ஆளுக்கு நன்றி. எனக்கு ஒரு "ம்" கூட இல்லை. ரஸ்க் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். "ஐந்நூறு வந்து சேர்ந்தது, நன்றி" என்றேன். உன் குரலில். பேக்கரிக்காரர் தலை நிமிர்ந்தார். எதிரே நின்றவர் ஒரே ஒரு பன் எடுத்திருந்தார். அவருக்கு மீதி நானூற்றுச் சொச்சம் கொடுக்கப் போய்விட்டார். அந்த ஆள் நல்லவர், "நான் இன்னும் ஸ்கேனே பண்ணலையே" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் சிரித்தேன்.

பிறகு நான்கு தடவை செய்தேன். மருந்துக்கடையில் இரண்டு. தையற்கடையில் ஒன்று, பேக்கரியில் இன்னொன்று. பேச ஆளில்லாத பொழுதுபோக்கு என்று வைத்துக்கொள்.

பிப்ரவரி பதினொன்று காலை மறுபடி பேக்கரி. சலவைக்கடையில் வேலை செய்கிற அக்கா ஒருவர் ரொட்டி எடுத்துக்கொண்டு நின்றார். நான் "அறுபது வந்து சேர்ந்தது" என்றேன். அவர் அப்போதுதான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார், தன் பணம்தான் போய்விட்டது என்று நினைத்துப் போனைப் பையில் போட்டார். பேக்கரிக்காரர் அதற்குள் இரண்டு தடவை ஏமாந்திருந்தார் இல்லையா, அன்று தன் போனைத் திறந்து பார்த்தார். வரவில்லை. அந்த அக்கா பெட்டியின் குரலைப் பதிவு செய்து போனில் போட்டு ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்துவிட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னார். "இனிமே இந்தப் படி ஏறாத." பெட்டியின் வயரைப் பிடுங்கினார். அரசாங்கக் காசு மட்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டினார். நான் ரஸ்க் அலமாரிக்குப் பின்னாலேயே நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உன் குரலும் வரவில்லை, என் குரலும் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே போனேன். முதலில் சலவைக்கடை. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றார். பிறகு, "ரெண்டு மாசமா அடுத்த தெருவுக்கு நடந்து போய் ரொட்டி வாங்கறேன். தெரியுமா உனக்கு?" என்றார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சட்டைக் காலரைப் பிடித்து பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பேக்கரிக்காரர் நம்பவில்லை. "பெட்டி பேசினத நான் என் காதால கேட்டேன்டா, உங்க அக்கா குரல எனக்குத் தெரியாதா" என்றார். அப்படியென்றால் இப்போது பேசிக் காட்டு என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் மூச்சை இழுத்து ஆரம்பித்தேன். "ஐம்பது" என்பது தவளை மாதிரி வந்தது. "வந்து சேர்ந்தது" என்பது பாதி கீச்சு, பாதி டிரைவர் மாமா. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொண்டை இப்படித்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் சலவைக்கடை அக்காவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். தையல்காரம்மா என் கன்னத்தைத் தட்டி, நல்ல பையன் என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவை உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பெயர்.

சலவைக்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னை நம்பாவிட்டாலும், அவ்வளவு பேர் எதிரே பேக்கரிக்காரருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "சரிம்மா, வந்து வாங்கிக்க" என்றார். அந்த அக்கா அன்று ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார். அரசாங்கக் காசில்.

அதுதான் எனக்குப் புரியவில்லை. நான்தான் செய்தேன், பெட்டி மேல் தப்பில்லை, திரும்பி வாருங்கள் என்று ஒவ்வொரு கடையாகக் கெஞ்சினேன். நம்பாதவர்கள் வரவில்லை. மருந்துக்கடை அண்ணன் என்னை நம்பினார், என் காதைத் திருகினார், அவரும் வரவில்லை. "இதுவே பழகிடுச்சுடா" என்றார். ஆரம்பித்து வைத்தது நான். ஆனால் என் சேட்டை ஓய்ந்த பிறகும் அவர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? லோன் தொல்லையா, சாய விளம்பரமா? அப்படியென்றால் அவர்கள் சொன்னது உண்மைதானா? எனக்குத் தலை சுற்றுகிறது.

உன் மேலாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிடு. என் பெயர், முகவரி எல்லாம் கொடு. உன் குரலை எடுக்க வேண்டாம் என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

சொன்னேன். முழுவதையும், ரஸ்க் அலமாரி உட்பட.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "அந்த லீவு போன்?" என்றார். அதுவும் அவன்தான் என்றேன். "இருமினானே" என்றார். ஆமாம் சார் என்றேன். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். என்மேல் இருந்த ஏதோ ஒரு சந்தேகம் அன்று அவருக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறேன். ஒரு பையன் தொண்டையாலேயே போலி செய்துவிடக்கூடிய பெட்டியை நம்பித்தான் இவ்வளவு நாள் வியாபாரம் செய்தோமா என்று கேட்டார். ஆக, குரல் போவது போவதுதான். அதை மாற்ற முடியவில்லை.

வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். நிரந்தரமும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. சந்தோஷப்படுவதா என்று யோசித்துக்கொண்டே விடுதி வாடகையைக் கட்டினேன்.

சலவைக்கடை அக்காவிடம் போய் நின்றாயே. அதைப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. நீ செய்ததில் எனக்குச் சிரிப்பு வராத ஒரே விஷயமும் அவர்தான், நீ செய்ததில் சரியான ஒரே விஷயமும் அவரிடம் போனதுதான்.

இன்னொன்று. நேற்று நம் தெருவின் கணக்கைக் கடைசியாகப் பார்த்தேன். எங்கள் ஆப்பில் மீதி இருப்பது ஒரே ஒரு ஆள். மார்ச் முதல் வாரத்திலிருந்து தினமும் மாலை நாலு நாற்பதுக்கு ஒரு ரூபாய் அனுப்புகிறார். ஒன்றே ஒன்று. அதுவும் புழக்கமில்லாமல் கிடக்கிற பேக்கரிக் கணக்குக்கு. வார நாட்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. மேலாளர் இதைப் பார்த்துப் பரபரப்பாகிவிட்டார். எல்லோரும் போன பிறகும் ஒருவர் ஏன் இருக்கிறார், அந்தக் காரணம் தெரிந்தால் மற்றவர்களையும் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார். பெயரைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

யார் என்று விசாரித்து எழுது.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

விசாரித்தேன். ஆள் கிடைத்துவிட்டான்.

பேக்கரிக்காரர் பெட்டியைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். மார்ச் ஐந்தாம் தேதி, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து, ஷாக் அடிக்கப் போகுதுடா என்று சொல்லிக் கொடுத்தார். அவர் கணக்கை இன்னும் மூடவில்லை, அதனால் அது இன்னும் வேலை செய்கிறது. உன் கட்டில் பக்கத்தில், ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கும்போது மணி நாலு நாற்பது. அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

என் தொண்டையில் நீ இப்போது வருவதில்லை என்று சொன்னேன் அல்லவா. பிப்ரவரி கடைசியிலேயே போய்விட்டாய்.

உங்கள் ஆப்பை நான் அழிக்கவே இல்லை. நிழல்கூட இல்லை என்று எழுதியது பொய். "கணக்குப் பாடம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். என் போனில் யாரும், நான் உட்பட, திறக்காத இடம் அது ஒன்றுதான். தெருவில் முதலில் மாறியவன் நான் என்றதும் பொய். பேக்கரியில் ரொட்டி வாங்கக்கூட அம்மா போனைத்தான் கொண்டுபோகிறேன். அரசாங்கக் காசை எப்படி ஏற்றுவது என்றே எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள், நான் கவனிக்கவில்லை. "ஒன்று வந்து சேர்ந்தது, நன்றி" என்று நீ சொன்னதும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தாள். அறையில் என்னையும் பெட்டியையும் பார்த்தாள். உன் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ அனுப்பு" என்றாள். அதனால் அன்றைக்கு மட்டும் உன் கணக்கில் இரண்டு காட்டும். சரிபார்த்துக்கொள்.

மேலாளரிடம் இந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டாம். மற்ற வாடிக்கையாளர்களுக்கு இது உதவாது.

மே ஒன்றாம் தேதி வர இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மீதி இருக்கும் அந்த ஒரு ஆள்